கோதுமையை வாங்கினார்கள், காப்பியைக் குடிக்கவில்லை

இன்று காலை உலையில் போட அரிசி களைவதற்கு முன், ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கான மண்கலயத்தில் போட்டேன். கலயத்தின் அடியில் அரிசி விழுந்த சத்தத்தில் உன் குரல் கேட்டது, அண்ணே.

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் டிரெஸ்ஸராக இருந்துவிட்டு, அரபு நாட்டுப் பஸ்ராவிலிருந்து நீ திரும்பிய வாரம் அது. அடுப்படியில் குத்தவைத்து, அம்மா பிடியரிசி எடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாய். நமக்கே கஞ்சி தண்ணீராய் ஓடிய நாட்கள்.

"இதை வைக்காட்டா யாராவது வந்து பிடிச்சிட்டுப் போவாவளா அம்மா?"

"பிடிக்க வந்தா நான் ஒரு மணி வைக்க மாட்டேன் மக்கா. எனக்க கோயிலு, நான் வைக்குதேன். அந்த ஊரு வெயில்ல ஒனக்க மூளை உருகிப்போச்சா?"

நாங்கள் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. அன்றுதான் அங்கே நீ கண்ட ஒரு ஊரைப் பற்றிச் சொன்னாய்.

ஆற்றோரத்தில், பேரீச்சை மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். பட்டாளம் அதைப் பிடித்ததும் வெள்ளைக்காரத் துரைமார் அந்த நாட்டுக்காரர் ஒருவரை அங்கே அதிகாரியாக வைத்தார்கள். அவருக்கு உள்ளூர் ஆட்களைத் துப்பாக்கிக் காவலாகக் கொடுத்தார்கள். ஊருக்குக் கோதுமை மூட்டையும் காய்ச்சலுக்குக் கொயினா மருந்தும் வந்தன. அடங்காத பக்கத்து ஊரின்மேல் விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. தலைவராய் இருப்பவர் காலையில் முற்றத்தில் காப்பிக்கொட்டை இடிக்க வேண்டும், அந்தச் சத்தம் கேட்டு ஆண்கள் வந்து அவர் கையால் காப்பி குடிப்பார்கள். அதுதான் அங்கே வழக்கம். அந்த அதிகாரியும் தினமும் இடித்தார். கோதுமைக்கு வரிசையில் நின்ற சனம் காப்பிக்கு வரவில்லை. ஒருநாள் காவல்காரர்கள் சிலரை இழுத்துவந்து உட்காரவைத்தார்கள். அவர்கள் கிண்ணத்தை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, அது ஆறிப்போகும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

அவர் காலில் இருந்த புண்ணுக்கு நீதான் கட்டுப் போட்டாய். அவர் காப்பியைக் குடித்தவனும் நீ ஒருவன்தான். ஊரைவிட்டுப் போய்விடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயம். "நீங்களெல்லாம் போன பிறகு இவர்கள் என்னை ஏற்பார்களா?" என்று உன்னிடம் கேட்டிருக்கிறார். இவ்வளவு கோதுமை, இவ்வளவு மருந்து, இவ்வளவு துப்பாக்கி இருக்கிறதே என்று நம்பி, "ஏற்பார்கள்" என்று சொல்லிவிட்டாய். அவர் தங்கினார்.

பட்டாளம் கூடாரத்தைப் பிரித்துக் கிளம்பிய சில நாட்களில் காவல்காரர்கள் துப்பாக்கிகளை அந்த முற்றத்திலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவரைக் கொன்றவர்கள் யாரென்று உனக்குத் தெரியாது. புதைக்க ஆள் வரவில்லை என்பது மட்டும் பின்னால் உன் காதுக்கு வந்தது.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் தக்கலையில் ஒரு கூட்டம் நடந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரை தலைமை. அந்த நாட்டுக்கு நம் பட்டாளம் எப்படி நல்ல அரசாங்கம் கொடுத்தது என்று நீ பேச வேண்டும். பேசினால், திரும்பி வந்தபின் நீ வேலை பார்த்துவந்த ஆஸ்பத்திரியில் உனக்கு மேல்வேலை, என் படிப்பும் தடையில்லாமல் நடக்கும். பேச்சை நான்தான் நல்ல கையெழுத்தில் எழுதித் தந்தேன். பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ தாளை மடித்துப் பையில் வைத்தாய்.

"கோதுமையை வாங்கினாவ. காப்பியைக் குடிக்கல. அவ்வளவுதான் நான் கண்டது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். துரை பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளரிடம், "என்ன சொன்னான்?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

அந்த வாரமே உன் வேலை போயிற்று. வாய் திறந்து பேசாத நான் அன்று பேசினேன். "ரெண்டு பொய் சொன்னா நாக்கு அழுகியா போவும்?"

நீ கோபப்படவில்லை. "ஒருக்கா சொன்னேன் மக்கா. ஒரு ஆளு செத்துப்போனாரு" என்றாய்.

நான் படிப்பை விடக்கூடாது என்று மலைத் தோட்டத்தில் கம்பவுண்டராகப் போனாய். இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சல். எனக்குப் பரீட்சை என்று செய்தியைத் தாமதமாகச் சொன்னார்கள். நான் வந்தபோது உன்மேல் போட்ட மண் காய்ந்திருந்தது. நான் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமலே போயிற்று. நம் வீட்டில் முதல் பி.ஏ. நான்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த மலைக்காய்ச்சல்தான் நினைவுக்கு வருகிறது.

இப்போது பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லித்தருகிறேன். படையும் பொருளும் தந்து அந்த அரபு நாட்டில் நிலையான அரசு நிறுவப்பட்டது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. போன வருஷம் அந்த வரியைத் தலையைக் குனிந்தபடி வாசித்தேன், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஊருக்குப் போகும்போது உன் கல்லறைப் பக்கம் நடக்கவும் கூசியது.

இன்று மதியத்துக்கு முன்னால் அதே பாடம். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேட்கப் போகிறேன்: உங்கள் அம்மா யாருக்குப் பயந்து கோயிலுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறாள்?

அதற்குமேல் வார்த்தை வராவிட்டால் காட்டலாம் என்று, கலயத்தையும் கையில் எடுத்துக்கொண்டேன்.