தினமும் மாத்திரை விழுங்கும் என் தாயை ‘விழுங்காதவர்’ என்று எழுதியது குறித்து

அனுப்புநர்:
நெய்மோன் லாஜுவான் (வயது 17),
ஹெர்டினா லாஜுவான் அவர்களின் மகள்,
ஸ்பிரிங்டேல், ஆர்கன்சா.

பெறுநர்:
நோயாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
மாநிலச் சுகாதாரத் துறை,
லிட்டில் ராக்.

பொருள்: தைராய்டு அகற்றப்பட்ட என் தாய்க்குச் சீடார் ஹாலோ மருத்துவமனை சிகிச்சையை நிறுத்தப் போவதைத் தடுக்கவும், மீண்டும் இரத்தம் பரிசோதிக்க உத்தரவிடவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தாய் இவ்வூர்க் கோழி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் வேலை செய்கிறார். நாங்கள் மார்ஷல் தீவுக்காரர்கள். அங்கே அமெரிக்கா அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த காலத்திலிருந்து, கழுத்தில் தைராய்டு அறுவைத் தழும்புள்ள பெண்கள் எங்களுக்குப் புதியவர்கள் அல்லர். கட்டி இருந்ததால் சென்ற பிப்ரவரியில் என் தாய்க்கும் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சையைப் பற்றி எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. அதன் பிறகு நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2. வீட்டுக்கு அனுப்பும்போது தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுத்தார்கள். எப்படிச் சாப்பிட வேண்டும் என்பது ஆங்கிலத் தாளில் இருந்தது. என் தாய்க்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எங்கள் மொழியில் யாரும் சொல்லவில்லை. அவர் இரண்டையும் வேலைக்குப் போகுமுன் சோற்றோடு சேர்த்து விழுங்கினார். ஒரு நாளும் தவறியதில்லை. அவரைப் பார்த்துக்கொள்ளவும் தம்பிகளைப் பார்த்துக்கொள்ளவும் பள்ளியை விட்டு நின்றவள் நான். தண்ணீர் எடுத்துக் கொடுத்தவளும் நானே.

3. ஜூன் மாதப் பரிசோதனையில் டி.எஸ்.எச். என்ற எண் முப்பத்தெட்டு என்று வந்தது. நான்கு அல்லது ஐந்துக்குள் இருக்க வேண்டியது அது. எண் ஏறியிருக்கிறது என்றவுடன் மருந்து அதிகமாகிவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம். உண்மை நேர்மாறானது. உடம்புக்கு மருந்து போதாதபோது மூளை இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று கேட்பதுதான் அந்த எண். இதைக்கூட மருத்துவமனை எங்களுக்கு விளக்கவில்லை.

4. அந்த ஜூன் பரிசோதனையின்போது, எனக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்று என்னை உள்ளே விடவில்லை. தொலைபேசியில் கிடைத்த மொழிபெயர்ப்பாளர் பிலிப்பைன்ஸ் மொழிக்காரர். தீவு என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்தார்கள் போலும். தொலைபேசியை வைத்துவிட்டு, நர்ஸ் சைகையால் மாத்திரைப் புட்டியைக் காட்டி, தினமும் போடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். என் தாய் புருவத்தை உயர்த்தினார். எங்களுக்குள் அதுதான் ‘ஆம்’. சாப்பிட்டாயா என்றாலும், தேவாலயத்துக்கு வருகிறாயா என்றாலும் நாங்கள் அப்படித்தான் பதில் சொல்வோம். நர்ஸ் மறுபடியும் கேட்டார். என் தாய் மறுபடியும் புருவத்தை உயர்த்தினார். பதில் இல்லை, மருந்து எடுப்பதில்லை என்று எழுதிவிட்டார்கள்.

5. ஆகஸ்டில் எண் ஐம்பதைத் தாண்டியது. வெளியே வந்த நர்ஸ் என்னிடம், “உங்கம்மா மாத்திரைய முழுங்குறதே இல்ல. அப்புறம் நம்பர் ஏறாம என்ன செய்யும்? பெரிய மனுஷிக்கு நாங்க ஊட்டியா விட முடியும்?” என்றார். வரவேற்பறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்நியர் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. அதனால்தான் எழுதுகிறேன்.

6. டாக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை, கணினித் திரையைத்தான் பார்த்தார் என்று என் தாய் சொன்னார். மருந்து போதாததைக் காட்டும் வீங்கிய கண்களும், கோடையில் அணிந்திருந்த கம்பளிச் சட்டையும், கரகரத்த குரலும் அவர் எதிரில்தான் இருந்தன. ஆலையில் மேற்பார்வையாளர் என் தாயிடம், “செத்த கோழி உன்ன விட வேகமாப் போகுது ஹெர்டினா” என்று சொல்லி வேலையை விட்டு எடுப்பதாக எச்சரித்திருக்கிறார். மேற்பார்வையாளருக்கு மருத்துவம் தெரியாது. டாக்டருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்காதவரை நான் எப்படி மன்னிப்பது?

7. செப்டம்பரில் மருந்து வாங்கப் போனபோது மருந்துக்கடைக்காரப் பெண்மணி, அம்மா மாத்திரையை எதோடு சேர்த்துப் போடுகிறார் என்று கேட்டார். நான் சொன்னேன். “ஐயோ கண்ணு, கால்சியம் தைராய்டு மருந்த உடம்புல சேரவே விடாது. நாலு மணி நேரம் தள்ளிக் குடு. தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல, தண்ணியோட மட்டும்” என்றார். ஒரே ஒரு கேள்விதான். என் தாய் ‘ஆம்’ என்றதை மருத்துவமனை நம்பியிருந்தால், எப்படிப் போடுகிறீர்கள் என்ற இந்தக் கேள்வி அங்கேயே வந்திருக்கும். பொய் சொல்கிறார் என்று முடிவு செய்ததால் கேட்கத் தோன்றவில்லை.

8. அன்றிலிருந்து மாத்திரைகளைப் பிரித்துக் கொடுக்கிறேன். ஆறு வாரம் கழித்து இரத்தம் பார்த்தால்தான் இதே அளவு போதுமா, கூட்ட வேண்டுமா என்று தெரியும் என்று மருந்துக்கடையில் சொல்கிறார்கள். ஆனால் சென்ற வாரம் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ‘மருத்துவ அறிவுரையை மீறுபவர்’ என்பதால் இம்மாத இறுதியோடு சிகிச்சை இல்லை, மருந்துச் சீட்டும் இல்லை. சுரப்பியே இல்லாதவருக்கு மாத்திரையையும் நிறுத்துவது தண்டனை அல்ல ஐயா, உயிரை எடுப்பது.

ஆகவே, மருந்துச் சீட்டு நிற்காமல் இருக்கவும், இரத்தப் பரிசோதனை நடந்து அதன்படி அளவு தீர்மானிக்கப்படவும் உடனே உத்தரவிட வேண்டுகிறேன். என் தாயைப் பற்றி எழுதிய பொய்யை நீக்கி, அடுத்த முறை மார்ஷல் மொழி தெரிந்த ஒருவரை அவர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். மாத இறுதிக்குள் தங்கள் பதில் வராவிட்டால் எங்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

இம்மனுவை என் தாய்க்கு எங்கள் மொழியில் முழுவதும் சொல்லிக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். ஆறாவது பத்தியை மட்டும், “அத எடுத்துரும்மா. டாக்டருக்கும் வீட்டுல புள்ளைங்க இருக்கும், மனசு நோகும்” என்றார். எடுக்காமலேயே அனுப்புகிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
நெய்மோன் லாஜுவான்

இடம்: ஸ்பிரிங்டேல்
நாள்: 9 அக்டோபர் 2023