நாற்பத்தொரு குழாய்களை அழிக்க வேண்டாம்

அனுப்புநர்:
மாதிரிப் பதிவாளர் (தற்காலிகம்),
உறைபெட்டி அறை, இரண்டாம் தளம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பயிர் மரபணு ஆய்வு நிலையம்.

பொருள்: வரும் வெள்ளியன்று அழிக்கவுள்ள 41 மரபணு மாதிரிக் குழாய்களைக் காக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நெல், தக்காளிப் பிரிவுகளின் பட்டியல்களை நான்கு மாதங்களுக்கு முன் ஒன்றாக்கினோம். ஒரே பெயர் இரண்டு முறை வந்த இடங்களில் ஒன்றை 'உபரி' என்று அழிக்கக் குறித்தவள் நான்.

2. அது தவறு. ஒரு மரபணு பழுதானால் செடிக்கு என்ன நேருமோ, அதையே தக்காளிப் பிரிவினர் பெயராக வைக்கிறார்கள். நெல் பிரிவினர் அது செய்யும் வேலையைப் பெயராக வைக்கிறார்கள். ஆகவே தக்காளியின் 'குட்டை-3' செடியை வளர்த்துவிடுவது. நெல்லின் 'குட்டை-3' செடியை அடக்கி வைப்பது. பெயர்தான் ஒன்று, வேலை நேர் எதிர்.

3. நெல் பிரிவு 'குட்டை-3' கேட்டபோது, புதிய பட்டியலை நம்பித் தக்காளிக் குழாயைக் கொடுத்துவிட்டேன். சாண் உயரத்தில் நிற்க வேண்டிய முப்பது தொட்டிப் பயிர்களும் இன்று கண்ணாடிக் குடிலின் கூரையை முட்டுகின்றன. "ஏம்மா, தண்ணி ஊத்த ஏணி வாங்கித் தருவியா?" என்று தோட்டக்கார அண்ணன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழிக்கக் குறித்தவை எல்லாம் நெல் குழாய்கள். அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

4. பிரிவுத் தலைவர்கள் இருவரிடமும் சொன்னேன். "எங்க முறைதான் சரி, அவங்கள மாத்திக்கச் சொல்லு" என்றார் ஒருவர். மற்றவரும் அதையேதான் சொன்னார். தங்கள் அறை வாசல்வரை இரண்டு முறை வந்து, கதவைத் தட்டத் துணிவின்றித் திரும்பினேன். எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். "கிடைச்ச வேலையக் கெடுத்துக்காதடி" என்கிறார் என் தாயார். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

5. யாருடைய முறை சரி என்று தீர்ப்புக் கேட்கவில்லை. ஒவ்வொரு மரபணுவின் பெயருக்கு முன்னும் பயிரின் பெயரையும் எழுத ஆணையிடுங்கள். எல்லாக் குழாய்களுக்கும் புதுச்சீட்டு ஒட்ட எனக்கு இரண்டு நாள் போதும்.

பதிவாளர் கையெழுத்திடாமல் எந்தக் குழாயும் இந்த அறையை விட்டு வெளியேற முடியாது என்பது நிலையத்தின் விதி. அழிப்புப் படிவம் வெள்ளி காலை என் மேசைக்கு வரும். அதற்குள் தங்கள் ஆணை வரும் என்று நம்புகிறேன். வராவிட்டாலும் நான் கையெழுத்திட மாட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: உறைபெட்டி அறை
நாள்: செவ்வாய், மாலை

இப்படிக்கு,
(ஒப்பம்)
மாதிரிப் பதிவாளர்