நத்தை மேல் போட்ட பழி

கணக்கு வாத்தியாரே,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

காலையில் உங்கள் தங்கை போன் செய்தாள். "அண்ணி, அண்ணன் குடுத்த கூம்புப்பூச் செடியெல்லாம் தலை தொங்கிப் போச்சு. என்ன பண்றது?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நம் தோட்டத்தில் காணாமல் போன செடிகளை நத்தை தின்றுவிட்டது என்றீர்களே! நானும் நம்பி, தோட்டம் முழுக்க நத்தை தேடினேன். நீங்கள் பக்கத்தில் நின்று டார்ச் வேறு அடித்தீர்கள்!

நடுவில் கூம்பு மாதிரி எழும்பும் அந்தப் பூவின் விதையை ஈர மணலில் போட்டு, ஃபிரிட்ஜில் குளிர வைத்து முளைக்கவிட்டவள் நான். போன வருஷம் வெறும் இலைதான். இந்தக் கோடையில்தான் முதல் மொட்டு வந்தது. கேட்டிருந்தால் அவளுக்குத் தனியாக முளைக்கவைத்துக் கொடுத்திருப்பேன்.

தோண்டி எடுக்கும்போது ஆழமாக இறங்கிய வேரைப் பாதியில் வெட்டியிருக்கிறீர்கள். இனி மொட்டுகளையெல்லாம் கிள்ளிப் போட்டால்தான் செடி பிழைக்கும். அதைச் செய்யத்தான் அவள் வீட்டுக்குப் போகிறேன். இந்த வருஷம் பூ கிடையாது.

பி.கு: நானும் சேர்ந்துதான் கொடுத்தேன் என்று நினைத்து அவள் நன்றி சொன்னாள். "இருக்கட்டும்மா" என்றேன். உங்களால் நானும் பொய் சொல்லியாயிற்று.