முடுக்காமல் ஓடிய ஞாயிற்றுக்கிழமைகள்

இஞ்சப் பாருங்க, இன்று காலை ஏறாவூர்ச் சந்தைக்குப் போய்விட்டுத் துணிப் பையோடு பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு பையன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் நிறுத்தினான். எஞ்சினை நிறுத்தவில்லை. அந்தப் புகை மூக்கில் ஏறியதுமே தெரிந்துவிட்டது, நேற்றோ இன்றோதான் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று. புதுப் பிஸ்டன் போட்ட எஞ்சின் முதல் நாள் விடுகிற புகை, உள்ளே தடவிய எண்ணெய் கருகுகிற வாசம். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தாலும் உங்கள் சட்டையை விட்டுப் போகாத வாசம். "தம்பி, ஒரு கிழமைக்கு முடுக்காம ஓடுங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். நரைத்த பொம்பிளைக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருப்பான்.

எனக்கு ஒன்றும் தெரியாதுதான். நீங்கள் சொன்னது மட்டும் தெரியும்.

வந்தாறுமூலையில் பெரிய வீதியோரம் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் உங்கள் கடை. பிஸ்டன் மாற்றிய எஞ்சினை அப்படியே சொந்தக்காரனிடம் கொடுத்தால், அவன் முதல் நாளே பறந்து அதைக் கெடுத்துவிடுவான் என்று உங்களுக்குப் பயம். அதனால் ஒரு நாள் முழுக்க நீங்களே மெல்ல ஓட்டிப் பழக்கிவிட்டுத்தான் கையில் கொடுப்பீர்கள். "புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும் போலதான் புள்ள. ஆளை ஆள் பழகுமட்டும் முடுக்கப்படா. முடுக்கினா இறுகிப் பிடிச்சிரும்" என்பீர்கள். அந்தப் பழக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை. பின்னால் நான், என் மடியில் சோற்றுப் பார்சல். தனி ஆம்பிளை போனால் ஆமிக்காரர் மறித்து நிற்கிற ஒவ்வொரு சென்றியிலும் ஆயிரம் கேள்வி, பெண்சாதி பின்னால் இருந்தால் அதில் பாதி. அதற்காகத்தான் என்னை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள் என்று நான் சண்டை பிடிப்பேன். நீங்கள் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

இந்த மாவட்டத்தை நான் பார்த்ததெல்லாம் கடைக்கு வந்த ஊரார் மோட்டார் சைக்கிளில்தான். ஒரு கிழமை வாத்தியாருடையது, மறு கிழமை மீன் வியாபாரியுடையது. மீன்காரருடைய சைக்கிளில் போய்வந்தால் என் சேலையைப் பூனை மோந்து பார்க்கும். வேகமாக ஓட்ட முடியாததால் எல்லாவற்றையும் சாவகாசமாகப் பார்த்தோம். மாரி மழை ஓய்ந்த கையோடு வயல் வட்டை முழுக்கப் பச்சை. வாவிக்கரை வழியே போனால் கண்டல் மரங்களுக்கு நடுவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவர்களுடைய தோணியே எங்களை முந்திவிடும் போல. சில கட்டை தூரத்துக்கு ஒரு தரம் எஞ்சின் ஆறவேண்டும் என்று மருத மரத்துக்குக் கீழே நிறுத்துவீர்கள். எஞ்சின் ஆறும் மட்டும் நமக்கு ஒரு வேலையும் இல்லை. குளக்கட்டில் குந்தியிருந்து தாமரைப் பூவைப் பார்ப்போம். நான் பூவைப் பார்ப்பேன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் ஆறுகிற சத்தத்தைக் கேட்பீர்கள். அதை விடச் சந்தோசமான, முஸ்பாத்தியான நாட்கள் எனக்கு வாய்க்கவில்லை.

அது சமாதானம் என்று சொல்லிக்கொண்ட காலம். சண்டை நின்றிருந்தது, ஆட்கள் காணாமல் போவது நிற்கவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று கேட்கக்கூடாது, எந்தப் பக்கம் என்றும் கேட்கக்கூடாது. பகலில் ஒருவரைக் கொண்டுபோவார்கள், பொழுது படுமுன் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும், ஆனால் கண்டவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார்.

அந்தக் காலத்தில்தான் அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிள் கடைக்கு வந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கத்துப் பொடியன் ஒருவன் கொண்டுவந்து விட்டான். எஞ்சினைச் செய்யச் சொன்னவன், சைலன்சரில் இருந்த வெடிப்பை மட்டும் ஒட்ட வேண்டாம் என்றானாம். "அந்தச் சத்தம் கேட்டாத்தான் அம்மா சோறு போட்டு வைப்பா அண்ண" என்று சொன்னதை நீங்கள் வீட்டில் சொல்லிச் சிரித்தீர்கள். அடுத்த கிழமை அவன் வந்து எடுக்க வேண்டும். எஞ்சின் வேலை முடிந்து சைக்கிள் கடை மூலையில் நின்றது. கிழமைகள் போயின. "ஆள் எங்க?" என்று கேட்டேன். "வருவான்" என்றீர்கள். மறுபடி கேட்டேன். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள், அது ஏற்கெனவே துடைத்த கை.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில், "உன்னிச்சைக் குளம் நிரம்பி வழியுதாம், வா போய்ப் பாப்பம்" என்று அந்தச் சைக்கிளை வெளியே எடுத்தீர்கள். அது உறுமின உறுமலில் தேத்தண்ணிக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். எங்களை அல்ல, சைக்கிளை. பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வழக்கமாக ஒரு பகிடி விடாமல் எங்களைப் போகவிடமாட்டார்.

ஆமிக்காரர் சோதிக்கிற கறுத்தப் பாலத்தில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, எஞ்சினை நிறுத்தி உருட்டிக்கொண்டு போனோம். சைக்கிள் இலக்கத்தை எழுதிக்கொண்ட ஆமிக்காரன் தலையை நிமிர்த்தி உங்களை ஒரு தரம், இலக்கத் தகட்டை ஒரு தரம் பார்த்தான். பிறகு போ என்று கையைக் காட்டினான். பாலத்துக்கு அப்பால் பதுளை வீதி வெறிச்சோடிக் கிடந்தது. வழியில் ஒரு கடையில் வெற்றிலை வாங்க நின்றோம். சத்தம் கேட்டுச் சிரித்த முகத்தோடு எட்டிப் பார்த்த பொம்பிளை, எங்களைக் கண்டதும் முகத்தை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெற்றிலை கேட்டுக் கேட்டுப் பார்த்தோம், அவள் வெளியே வரவேயில்லை. வட்டையில் எருமைகள் மேய்ந்தன, கொக்குகள் எழும்பின, வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. "திரும்புவமா?" என்றேன். "குளத்தப் பாக்கல்லையே இன்னும்" என்றீர்கள்.

குளத்துக்குப் போகிற வழியை விட்டுவிட்டு ஒரு கிரவல் பாதையில் கிறுகினீர்கள். வழி மாறிவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாய் குரைத்துக்கொண்டு ஓடிவந்தது, கிட்ட வந்ததும் வாலை ஆட்டியது. ஓலை வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா அகப்பையும் கையுமாக ஓடிவந்தா. எங்களைப் பார்த்தா, எங்களுக்குப் பின்னால் வீதியைப் பார்த்தா. வேறொருவரும் வரவில்லை என்று தெரிந்ததும் அகப்பையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டா. ஏன் ஒளித்தா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, குளமும் இல்லை கிளமும் இல்லை, நீங்கள் இந்த வாசலுக்குத்தான் வந்தீர்கள் என்று.

"அவன் எங்க தம்பி?"

நான் முந்திக்கொண்டேன். "ஆள் இன்னும் எடுக்க வரல்ல அம்மா. நாங்க ஓட்டிப் பாக்க வந்த." அதோடு உங்கள் சட்டைக்குக் கீழே இடுப்பில் பிடித்து நன்றாக ஒரு கிள்ளு. வாயைத் திறக்காதீர்கள் என்பதற்கு நமக்குள் இருந்த பாஷை அது.

நீங்கள் எஞ்சினை நிறுத்தினீர்கள். "அம்மா, அவன் சைக்கிள விட்டுட்டு வெளிய போகக்குள்ள ரெண்டு பேர் வந்தாங்க. வாசல்ல இருந்துதான் கூட்டிக்கொண்டு போனாங்க. நான் கண்டநான். அதுல ஒருத்தன எனக்குத் தெரியும்."

அத்தனை கிழமையும் என் பக்கத்தில் படுத்து எழும்பிய மனுசன் எனக்குச் சொல்லாததை, முன்பின் காணாத அம்மாவுக்குச் சொல்லிவிட்டார். அந்த இடத்திலேயே உங்களை அடிக்க வேண்டும் போல் கோபம் வந்தது. அந்த அம்மா அழவில்லை. வேலிப் படலையைத் திறந்தா. பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டா. அது யாருக்குச் சமைத்த சோறு என்று தெரிந்தும் நீங்கள் சாப்பிட்டீர்கள், மறுசோறும் வாங்கினீர்கள். எனக்கு ஒரு பிடி இறங்கவில்லை.

கை கழுவும்போது அவ கேட்டா: "தம்பி, நீங்கதான் கண்ட எண்டு நான் போற இடத்தில சொல்லலாமா?"

நான் மறுபடியும் கிள்ளினேன். இந்த முறை நகம் பதிந்தது.

"சொல்லுங்கம்மா. கூப்பிட்டா நானும் வந்து சொல்லுறன்."

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வரத்தான் உங்களுக்கு மனம். அந்த அம்மாதான் விடவில்லை. "இதுல வந்ததப் பாலத்தில எழுதியிருப்பாங்க. இது இல்லாம போனா உங்களச் சும்மா விடுவாங்களா? கொண்டு போங்க" என்றா. குளத்தை நாங்கள் பார்க்கவேயில்லை.

திரும்பி வரும்போது இலுப்படிச்சேனை தாண்டியதும் எங்களுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். இரண்டு பேர். நாங்கள் ஊர்ந்த ஊர்தலுக்கு யாராயிருந்தாலும் எங்களை முந்திப் போவார்கள், மாட்டு வண்டில்காரர்கூடச் சலித்துக்கொள்வார். இவர்கள் முந்தவில்லை. நாங்கள் ஊர்ந்தால் ஊர்ந்தார்கள். எஞ்சின் ஆறுவதற்கு நாங்கள் நின்றபோது அவர்களும் தூரத்தில் நின்றார்கள்.

"கிறுகிப் பாராத புள்ள."

"முடுக்குங்க. கடவுளே எண்டு முடுக்குங்க."

"ஏலா. பிடிச்சிரும். நடு வீதியில நிண்டா அதைவிட மோசம்."

உங்கள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு பாலம் வரும்வரை வந்தேன். வழியெல்லாம் அந்தி வெயிலில் நெல்லுப் பயிர் அசைந்துகொண்டிருந்தது, அவ்வளவு வடிவு, பார்க்கப் பார்க்க எனக்கு வெறுத்தது. பாலத்துக்கு இப்பால் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஒருவரும் இல்லை. "கண்டியா, ஆரோ வழிப்போக்கர்" என்றீர்கள். வீட்டுக்கு வந்து மூன்று தரம் தண்ணீர் குடித்தீர்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. சில நாள் கழித்து மதியச் சோற்றோடு கடைக்கு வந்தேன். ஸ்பேனர்கள் சாக்கின் மேல் பரப்பியபடி கிடந்தன. நீங்களும் இல்லை, சிவப்புச் சைக்கிளும் இல்லை. நல்ல பகல், வீதி நிறைய ஆட்கள். அந்தச் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினால் தேத்தண்ணிக் கடைக் கிளாசுகள் கிலுங்கும். அதைக் கேட்டுத் தலையை நிமிர்த்தாத மனிதர் இருக்க முடியாது.

"காணல்லையே தங்கச்சி" என்றார் தேத்தண்ணிக் கடைக்காரர். சலூன்காரர் தான் உள்ளே முகம் வழித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். தையல்காரர் மெஷினை மிதித்துக்கொண்டே தலையாட்டினார், ஊசிக்குக் கீழே துணியே இல்லை. அவர்களை நான் திட்டவில்லை. அவர்களுக்கும் பின்னால் இருந்து கிள்ள ஒருத்தி உண்டு. நான் கிள்ளியதற்கு இன்றைக்கும் வெட்கப்படவில்லை, நீங்கள் இன்னொருக்கா அந்த வாசலில் நின்றால் இரத்தம் வரக் கிள்ளுவேன். அப்போதும் நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள் என்பதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வருகிற விஷயம்.

காணாமல் போனவர்களுக்கு முறைப்பாடு எழுதி எடுக்கிற இடத்தில் அந்த அம்மாவை மறுபடி கண்டேன். செய்தி கேள்விப்பட்டு வாவி கடந்து வந்திருந்தா. என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதானே மகள்" என்றா. "இல்லம்மா, அவர்ர வாயாலதான்" என்றேன். இரண்டு பேரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம். அதிகாரி முதலில் அவவைக் கேட்டார், மகனைக் கொண்டுபோனதைக் கண்டவர் யாராவது உண்டா என்று. "ஓம் ஐயா, கண்டவர் இருக்கார்" என்று உங்கள் பெயரைச் சொன்னா. இருந்தார் என்று சொல்லவில்லை.

பிறகு அதே கேள்வியை என்னிடம் கேட்டார்.

"எங்கட வீதியில கண்டதக் கண்ட எண்டு சொல்லக்கூடிய ஆள் ஒருத்தர்தான் ஐயா இருந்தவர்" என்றேன். "அவரத்தான் கொண்டு போயிட்டாங்க."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு எத்தனையோ அரசாங்கக் கந்தோர்ப் படி ஏறிவிட்டேன், எல்லா இடத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். நானும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.