கதிர் வரும் நேரத்தில் உப்பு

அத்திப்பட்டு,
மார்ச், புதன்கிழமை.

அன்புள்ள ஷைனி அப்பாவுக்கு,

டெபோரா எழுதிக்கொள்வது. நானும் ஷைனியும் நலம். உங்கள் உடம்பும் கிரேன் வேலையும் நல்லபடியாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று பதறாதீர்கள். போனில் ஆரம்பித்தால் நீங்கள் சமாதானம் சொல்வீர்கள், நானும் சரி என்று வைத்துவிடுவேன். வண்ணாரப்பேட்டை மொஹ்சின் அண்ணன் வெள்ளிக்கிழமை தோஹா திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நம் போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது.

முதலில் நெல்லின் இலை நுனிதான் காய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மோட்டாரை இன்னும் அதிக நேரம் ஓடவிட்டேன். கருகல் இன்னும் வேகமாகப் பரவியது. ஒருநாள் காலை மோட்டார் குழாயிலேயே முகம் கழுவினேன். வாயில் பட்ட தண்ணீர் கரித்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பயிரைக் காப்பாற்றுவதாக நினைத்து நானே உப்பைப் பாய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பக்கத்து நிலத்துக் குணசுந்தரி அக்கா பார்த்துவிட்டு ஓடிவந்தார். "இன்னாமே, இப்டி கருகினு கீது! மொதல்ல மோட்டார நிறுத்து. இன்னும் உட்டா மிச்சமும் பூடும்" என்று அவரே போய் நிறுத்தினார். அவருடைய குட்டையில் மழைத்தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. அதை நம்பித்தான் வெண்டை போட்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் டில்லிபாபு அண்ணன் மீன்பிடித்துக் கடலிலிருந்து திரும்பியதும் டீசல் இன்ஜினை நம் பக்கம் திருப்பி வைத்தார்கள். வேண்டாம் அக்கா, உங்கள் வெண்டை என்ன ஆகும் என்றேன். "வெண்டை தானே, மறுபடி போட்டுக்கலாம். உன்னுது கதிர் வர்ற நேரம், கம்முனு இரு" என்றார். அவர் செடிகள் இப்போது வாடி நிற்கின்றன. அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குக் கூசுகிறது.

மோட்டார் பக்கத்துப் பாதி போய்விட்டது. கதிர் வந்தும் உள்ளே மணி இல்லை, பதர்தான். மறுபாதி பிழைத்தது. நேற்று ஒரு மணியை நசுக்கிப் பார்த்தேன், பால் கட்டியிருக்கிறது. ஈஸ்டர் கழித்து அறுக்கலாம். வருஷம் முழுக்க நம் அரிசியே சாப்பிடலாம் என்றீர்களே, அது இந்த முறை நடக்காது.

கொய்யாவில் காய் நிறைய. வௌவாலுக்குப் பயந்து டில்லிபாபு அண்ணனின் கிழிந்த வலையைப் போர்த்தியிருக்கிறேன். காற்று திரும்பினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து படிகிறது, ஷைனிக்குக் கழுவிக் கழுவித்தான் கொடுக்கிறேன். எலுமிச்சைக் கன்றுகள் பட்டுப்போயின. அடுத்த போகத்துக்கு உப்பைத் தாங்கும் நெல் இருக்கிறதாம், வேளாண்மை ஆபீசில் சொன்னார்கள். ஆனால் மழைத்தண்ணீரைத் தேக்க நமக்கும் ஒரு குட்டை வெட்ட வேண்டும். அதுவரை இந்த நிலம் நம் மூவருக்கும் சோறு போடும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போன வாரம் நீங்கள், வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வரப்போகிறேன், இனி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சேர்ந்தே இருக்கலாம் என்றீர்கள். உங்கள் குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் உம் கொட்டினேன். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. நீங்கள் வந்து, இங்கே கருகிக் கிடப்பதைப் பார்த்து, மனசு உடைந்துபோவீர்களோ என்று பயமாக இருக்கிறது. மறுபடி வேலை தேடி இந்த வயதில் எங்கே போவீர்கள்?

அதனால் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். இன்னும் கொஞ்ச காலம் இருங்கள். நான் சமாளிப்பேன்.

ஒருவேளை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், ஒன்றும் யோசிக்காமல் வந்துவிடுங்கள். வாசலில் உங்களைப் பார்த்ததும் ஏன் அவசரப்பட்டீர்கள் என்று நான் கோபித்துக்கொள்வேன். அதை மட்டும் நம்பாதீர்கள்.

கடல் தாண்டி இருக்கும் உங்களுக்கு மாதா துணையிருக்கட்டும்.

உங்கள்,
டெபோரா