அத்தா பேசிய கேசட்

அடிஸ் அபாபா
3.2.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் ஊருக்கு வரும் ரோஸ்மேரி அக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டால் உங்கள் குரல் திரும்பாது என்று சொல்லி அம்மா அழுதாள். அதற்குள் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். உங்கள் குரல் பேரனுக்கு வேண்டும். மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்தால் அழியவே அழியாது.

உங்கள் மகள்
ஷாஸியா

நல்லூர், திருப்பூர்
16.2.2025

அருமை மகள் ஷாஸியாவுக்கு அத்தாவின் சலாமும் துஆவும்.

போன மாதம் உன் போன் தண்ணீரில் விழுந்து, நான் பேசி அனுப்பியதெல்லாம் ஒரே நொடியில் போனது. நீ எனக்குப் புத்தி சொல்கிறாய். ரியாத்திலிருந்து உன் அம்மாவுக்கு நான் அனுப்பிய கேசட்டுகள் முப்பது வருஷமாகியும் ஓடுகின்றன. இரைச்சல் இருக்கும், ஆளும் இருப்பான். கேசட் கெடுவதானால் முன்கூட்டியே முனகிக் காட்டும், சொல்லாமல் கொள்ளாமல் போகாது. ஆகவே கேசட்டில்தான் பேசியிருக்கிறேன். புதியது எங்கும் கிடைக்கவில்லை. பழையது ஒன்றை அழித்து அதன்மேல் பதிந்தேன். ரோஸ்மேரியிடமே கொடுத்தனுப்புகிறேன்.

கத்திக்கு நான் பயப்படவில்லை கண்ணு. வாய் பேசாத அத்தாவுக்கு யார் போன் செய்வார்கள்? அதுதான் பயம்.

பக்கீர் முகமது

அடிஸ் அபாபா
9.3.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இங்கே ஒரு பழைய பிளேயரைத் தேடிப் பிடித்தேன். முதலில் நீங்கள் தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல இழுத்தது. ரப்பர் பெல்ட்டை மாற்றியதும் சரியாகிவிட்டது. போனிலும் பதிந்துகொண்டேன், கோபிக்காதீர்கள். எனக்கு இரண்டும் வேண்டும்.

பேரனுக்கு நீங்கள் சொன்ன யானைக் கதை முடிந்தது. நிறுத்தலாம் என்று எழுந்தேன். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. நீங்கள் முழுதும் அழிக்கவில்லை அத்தா, கடைசியில் பழைய பேச்சு மிச்சமிருக்கிறது. என்னைவிடச் சின்ன வயதில் அம்மாவிடம் பேசுகிறீர்கள்.

"அமீரு, புள்ள பொறந்த சேதி வந்துச்சு. நான் வர்றதுக்குள்ள அது என்னைய மறந்துறப் போகுது. தெனமும் இதப் போட்டுக் காட்டு. பதில் பேசற வயசா அதுக்கு? கேட்டுட்டுப் படுத்திருந்தாப் போதும்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

இனி தினமும் உங்களுக்குப் போன் செய்வேன். அம்மா உங்கள் காதில் வைப்பாள். நீங்கள் பதில் பேச வேண்டாம் அத்தா. கேட்டுக்கொண்டு படுத்திருங்கள், நான் பேசுகிறேன்.

உங்கள்
ஷாஸியா