மேகத்தில் மறைந்தவர் வீட்டில் இருக்கிறார்

அனுப்புநர்:
மேகத்தில் மறைந்ததாகத் தாங்கள் எழுதிவைத்திருக்கும் விமானியின் மனைவி,
பச்சைக் கதவு வீடு,
விளையாட்டரங்கத் தெற்கு வாசலுக்கு நேர் எதிரே.

பெறுநர்:
உயர்திரு விளையாட்டரங்க அதிகாரி அவர்கள்,
அரங்க அலுவலகம், முதல் மாடி.

பொருள்: தெற்கு வாசலில் உள்ள என் கணவர் படத்தையும் அதன் கீழ் உள்ள வாசகத்தையும் மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மூத்த பேத்தி கண் மருத்துவர். அவளுக்கு அடுத்தவன் பாலம் கட்டும் பொறியாளர். அவன் கட்டிய பாலத்தில் நானே போய் வந்திருக்கிறேன், ஆடவில்லை. மகள் வயிற்றுப் பேரன் நீச்சலில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவன். தங்கம் வாங்கிய பையனுக்குக் கை நீளம் என்பதால் அதை நான் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. கடைக்குட்டிப் பேத்தி தாத்தாவைப் போலவே கால்பந்து, அவரைப் போலவே இடது ஓரம். வருகிற சனிக்கிழமை தங்கள் அரங்கத்தில் நடக்கும் இறுதி ஆட்டத்தில் இறங்குகிறாள். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் கடைசியாகச் சொன்னதற்கும் இந்த மனுவுக்கும் தொடர்பு உண்டு.

மனுவை எழுதித் தரும்படி பிள்ளைகளைத்தான் முதலில் கேட்டேன். டாக்டர், "போன்ல சொன்னா போதும் பாட்டி" என்றாள். பாலக்காரன் எழுதித் தந்தான். பக்கம் முழுக்க மரியாதை இருந்தது, விஷயம் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. சென்ற மாதம் தெற்கு வாசலில் கறுப்புக் கரை போட்ட சட்டத்தில், விமானப்படை உடுப்பில் இருக்கும் இளைஞர் ஒருவரின் படத்தை மாட்டியிருக்கிறீர்கள். கீழே "மேகத்தில் மறைந்த மாவீரர்" என்று எழுதியிருக்கிறது. படத்தில் இருப்பவர் என் கணவர். அவர் மறையவில்லை. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, அடுத்த அறையில் உட்கார்ந்து நகவெட்டி மொண்ணையாக இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

2. தவறு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். என் கணவர் வாலிபத்தில் இந்த ஊர் அணிக்கு ஆடியவர். எதிரணியில் உடம்பு பெருத்த ஒருவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். "எங்கடா போனான் அவன்?" என்று தேடுவதற்குள் கோலுக்குப் பக்கத்தில் முளைப்பார். அதனால் மைதானத்தில் அவருக்குக் கண்ணாமூச்சி என்று பெயர். எங்கள் கல்யாணப் பேச்சில் என் அப்பா, "மாப்பிள்ளை ஆட்டத்துலதான் ஒளிவாரா, வீட்டுலயுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார்.

போர் வந்ததும் விமானப்படையில் சேர்ந்தார். "காலால விளையாடுறவன் அங்க போய் என்னத்தை ஓட்டுவான்?" என்று என் மாமியார் கவலைப்பட்டார். விமானத்தைத் திருப்பக் காலுக்கும் வேலை உண்டு என்று இவர் சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

போரில் ஒரு நாள் எதிரி விமானங்கள் இவரைத் துரத்தின. இவரிடம் குண்டு தீர்ந்துவிட்டது. மேகத்துக்குள் நுழைந்து, உள்ளேயே திரும்பி, வேறு பக்கமாக வெளியே வந்து ஏதோ ஒரு தளத்தில் இறங்கிவிட்டார். பத்திரிகைக்காரர் அந்தச் சாமர்த்தியத்தை மெச்சி, "மேகத்தில் மறைந்தார் நம் ஊர் வீரர்" என்று தலைப்புப் போட்டார். தலைப்பைப் பார்த்ததுமே என் மாமியார் மயங்கி விழுந்தார். கல்யாணமாகிச் சில மாதமே ஆன நான், மீதியைப் படித்துச் சொல்லி அவரை எழுப்பினேன். தாங்கள் படம் மாட்டும்போது அந்தப் பழைய பத்திரிகையைத்தான் பார்த்திருக்கிறீர்கள். என் மாமியாரைப் போலவே தலைப்போடு நிறுத்திக்கொண்டீர்கள். அவருக்காவது பெற்ற மனம். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது யார் குற்றமும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அழைப்பு மணி இருக்கிறது, தெருவைக் கடந்து வந்து கேட்டிருக்கலாம்.

3. தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். அங்கிருந்த எழுத்தர் நல்ல பிள்ளை, உட்கார நாற்காலி போட்டார். "பாட்டி, மறைந்தார்னு மரியாதையாத்தான் எழுதியிருக்கோம். செத்துட்டார்னா எழுதினோம்?" என்றார். அவர் மரியாதையில் எனக்குச் சந்தேகம் இல்லை.

4. என் கணவர் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் அரங்கத்துக்குள் நடக்கப் போகும்போது படத்துக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போவார். தேநீர்க் கடைக்காரர், "சார், இனிமே சக்கரை போட்டே குடிங்க. டாக்டரால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாராம். அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சர்க்கரையும் போட்டுக் குடித்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

5. போன வாரம் ஓர் ஆசிரியை பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, அந்தப் படத்தின் முன் மௌன அஞ்சலி செலுத்த வைத்திருக்கிறார். அந்த நேரம் இவர் நடந்து முடித்து வந்திருக்கிறார். தாண்டிப் போக மனம் வராமல், தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரிசையின் கடைசியில் தானும் நின்றிருக்கிறார். முடிந்ததும் ஒரு சிறுமி, "தாத்தா, அவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். "கொஞ்சம் பழக்கம்" என்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். நான் கிண்டல் செய்யலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, "அவ்வளவு பிள்ளைங்களும் கண்ணை மூடி நின்னுச்சுங்கம்மா. அது எனக்குச் சேர வேண்டியது இல்ல. கதவுக்குச் சேர வேண்டியது" என்றார்.

கதவு என்பது எங்கள் அணியின் கோல்காப்பாளர். பந்து உள்ளே போகாது என்பதால் அந்தப் பெயர். இருவரும் ஒன்றாக ஆடி, ஒன்றாகப் படையில் சேர்ந்தவர்கள். அன்றைக்கு ஜோடியாகப் பறந்ததும் அவரோடுதான். இவர் மேகத்துக்குள் நுழைய வழி விட்டு, அவர் வெளியே நின்று மறித்திருக்கிறார். அவர் விமானம் திரும்பவில்லை. அது தெரியவே பல வாரமாயிற்று. அதற்குள் பத்திரிகைக்கு வேறு செய்திகள் வந்துவிட்டன. அவருடைய தாயாரும் பிறகு போய்விட்டார். அவருக்காக மனு எழுத யாரும் இல்லை.

அந்த அஞ்சலி நாள் முதல் என் கணவர் அரங்கத்துக்குப் போவதில்லை. அந்தப் படத்தின் கீழே நடக்கக் கூசுகிறது என்கிறார். சனிக்கிழமை ஆட்டத்தையும் டிவியில் பார்த்துக்கொள்வதாகக் கடைக்குட்டியிடம் சொல்லிவிட்டார். "எங்க மேட்ச் டிவியில வராது தாத்தா" என்றாள். "அப்ப நீ வந்து சொல்லு, கேட்டுக்கறேன்" என்றார். அவள் நன்றாகக் கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். என் வீட்டில் யார் மருந்து சாப்பிடாமல் ஏமாற்றினாலும் என்னால் தாங்க முடியும். இதைத் தாங்க முடியவில்லை.

6. ஆகவே, இத்துடன் இணைத்துள்ள படத்தைத் தாங்கள் ஏற்க வேண்டும். கையுறையோடு இரு கைகளையும் விரித்து நிற்பவர் கதவு. அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து பாதி முகம் காட்டுபவர் என் கணவர். படம் எடுக்கும்போதும் ஒளிந்திருக்கிறார். முழு முகம் தெரியவில்லை என்று இதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கீழே இப்படி எழுதவும்: "முன்னால் நிற்பவர், போரில் மறைந்த விமானி. பின்னால் நிற்பவர், மேகத்தில் ஒளிந்து தப்பி வந்தவர். எதிர் வீட்டில் வசிக்கிறார்." மறைந்த என்ற சொல் தங்கள் வாசலிலேயே இருக்கட்டும், உரியவரிடம் சேர்ந்தால் போதும். கறுப்புக் கரை வேண்டுமா என்பதைத் தாங்களே முடிவு செய்யவும்.

இப்போது மாட்டியிருக்கும் படத்தை இறக்கியதும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பிரதி எங்களிடம் இல்லை. அதில் அவர் நன்றாக இருக்கிறார்.

இந்த மனு அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் புதிய படத்தை மாட்டிவிட்டால், மறுநாள் காலை அவரை வாசல் வரை கூட்டிவருவது என் பொறுப்பு. தயவுசெய்து கொஞ்சம் தாழ்வாக மாட்டச் சொல்லுங்கள். அவருக்கு இப்போது கழுத்தை அண்ணாந்து பார்க்க வருவதில்லை.

இடம்: அரங்கத்துக்கு எதிரே
நாள்: செவ்வாய்க்கிழமை, காலை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உயிரோடு இருப்பவரின் மனைவி
(கையொப்பம்)

இணைப்பு: படம் ஒன்று. மடிக்க வேண்டாம்.